புஸ் பாயின் பச்சை இன்ஜின்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு ரயில் கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. ஆனாலும் ஒரு ரயில் இன்ஜின் மாதத்துக்கு இரண்டு தடவை அந்த ஊருக்குப் போய் வந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் போனது. டிக்கெட் வாங்காமல், மீன் கூடைக்குள் ஒளிந்து, ஒரு மனிதரின் மடியில் உட்கார்ந்து போனது. அந்த மடிக்குச் சொந்தக்காரர் புஸ் பாய். ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் சந்தேகப்படுவதற்கு அவ்வளவு வசதியான ஆள் கிடைக்கமாட்டார்.

சந்தேகத்தைப் பற்றி நான் சொன்னால் நீங்கள் தாராளமாக நம்பலாம். நான் மூன்றாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் போகவில்லை. இன்றைக்கு மூன்று கடை வைத்திருக்கிறேன். ஸ்டேஷனில் இறங்கி என் பேரைச் சொன்னால் போதும், விலாசம் கேட்காமல் கொண்டுவந்து விடுவார்கள். எப்படி மேலே வந்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே பதில்தான் சொல்வேன். யாரையும் நம்பாமல் வந்தேன். ஆணி மூட்டை வந்தால் எடை போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் தராசையும் சோதித்தவன் நான். கல்யாணத்தில் மாமனார் போட்ட மோதிரத்தை மணவறையிலேயே உரசிப் பார்த்தேன். என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள். அசல் தங்கம்தான். அது வேறு விஷயம்.

ஐம்பதுகளின் நடுவில் பஜார் தெருவில் எனக்கு ஒரே ஒரு கடை. ஆணி, தகடு, கம்பி, பெயின்ட், மண்ணெண்ணெய் விற்றேன். மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிறவர்களுக்காகக் கொஞ்சம் ஸ்பிரிட்டும் உண்டு. அது மதுவிலக்குக் காலம். ஸ்பிரிட்டு விற்க லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன். சாமிக்குக் கற்பூரம் காட்டும்போது அதற்கும் ஒரு சுற்று காட்டுவேன்.

பக்கத்துக் கடை தகரக் கடை. அதுதான் பாயுடையது. புனல், எண்ணெய் அளக்கிற படி, சிம்னி விளக்கு, கல்யாண டிரங்குப் பெட்டி எல்லாம் செய்வார். அவர் பற்றவைத்த தகரத்தில் ஒரு சொட்டு ஒழுகாது. நாற்பத்தொன்பது வயது. காதில் ஒரு பென்சில், தொப்பியில் ஒரு கைப்பிடிக் கரி. யார் வம்புக்கும் போகமாட்டார். எனக்கு அதுவே உறுத்தியது. வம்புக்கே போகாத மனிதன் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம்.

பக்ரீத் முடிந்த மறுவாரம் ஒரு காலையில் என் கடைக்கு வந்தார்.

"மொதலாளி, செம்புத் தகடு மெல்லிசா கீதா?"

"கீது. இன்னாத்துக்கு பாய்?"

"ரயில் இன்ஜின் பண்ணப் போறேன்."

நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். "இன்னா சைசுல?"

"பூனை சைசு. ஆனா நெஜ இன்ஜின். தண்ணி ஊத்தணும், நெருப்பு வெக்கணும், தானா ஓடணும். அடுத்த பக்ரீத்துக்குள்ள வட்டமா ஒரு முழு சுத்து ஓடணும். நடுவுல எவனும் கை வெக்கக் கூடாது."

"ஓடினா?"

"எனக்கு அம்பது வயசு முடியும்."

"ஓடலன்னா?"

"அப்பவும் முடியும் மொதலாளி. ஆனா நல்லா இருக்காது."

இப்படிப் பேசுகிறவரை எப்படி நம்புவது? ஜங்ஷனுக்குப் போனால் யானை யானையாக இன்ஜின் நிற்கிறது. கொளவாய் ஏரிக்கரை வரைக்கும் புகை அடிக்கிறது. ஊருக்குள் இத்தனை இன்ஜின் இருக்கும்போது இன்னொன்று எதற்கு? ரயில் என்பது சாக்கு, உள்ளே வேறு என்னவோ இருக்கிறது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

முதல் இன்ஜினுக்கு வயிறு பிஸ்கட் டின். செம்புத் தகடு பின்னால் ஆகட்டும், முதலில் வெள்ளோட்டம் பார்ப்போம் என்று டின்னை ஈயப்பற்று வைத்து மூடியிருந்தார். பஜாரே கூடி நின்றது. அடியில் கரி நெருப்பு. தண்ணீர் கொதித்தது, இன்ஜின் நடுங்கியது, புகைபோக்கி சலாம் போடுகிறாற்போல மெல்லச் சாய்ந்தது. பிறகு "புஸ்" என்று ஒரு சத்தம். ஈயம் உருகி ஓட, முன் சக்கரம் தெருவைத் தாண்டிப் பறந்து நாஸ்தா கடைச் சாம்பார் அண்டாவில் விழுந்தது. நாஸ்தா கடைக்காரர் அதைக் கரண்டியால் எடுத்து நீட்டினார்.

"பாய், உன் சக்கரம் நல்லா வெந்துடுச்சி. உப்பு போதுமா பாத்துக்க."

அன்றைக்கு வைத்த பேர்தான் புஸ் பாய். அவருடைய சொந்தப் பேரை அதற்குப் பிறகு அவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை என்று கேள்வி.

இரண்டாவது வயிறு செம்பில் வந்தது. ஈயத்தை நம்பாமல் வரிசையாக ரிவெட்டு அடித்தார். சைக்கிள் பம்பை அறுத்து சிலிண்டர் செய்தார். ஆவி வந்ததும் இன்ஜின் ஓடியது, ஆனால் பின்பக்கமாக ஓடியது. முன்னால் தள்ளினால் நின்றது, விட்டால் பின்னால் போனது. இரண்டு மாதம் அதன் குடலை எடுத்து எடுத்து மாற்றினார். நாஸ்தா கடைக்காரர் தினமும் விசாரிப்பார்: "இன்னா பாய், உன் வண்டி இன்னும் மாமியார் வூட்லேருந்து திரும்பி வந்துகினே கீதா?"

முன்னால் ஓட ஆரம்பித்ததும் புது வியாதி. கனம் போதாமல் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றியது. ஈயக்கட்டி வைத்தார். கனம் அதிகமாகி இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. பாதி ஈயத்தைச் சுரண்டி எடுத்தார். ஓடியது. வளைவில் குப்புற விழுந்தது. முன்னால் இரண்டு குட்டிச் சக்கரம் சேர்த்தார். விழவில்லை, வளைவே வேண்டாம் என்று நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. ஒவ்வொரு வியாதிக்கும் மருந்து என் கடையில்தான் வாங்குவார். ஒவ்வொரு தடவையும் நான், "இன்னாத்துக்கு?" என்று கேட்பேன். ஒவ்வொரு தடவையும் ஒளிக்காமல் சொல்வார். எனக்குச் சந்தேகம் ஏறிக்கொண்டே போனது. குற்றம் இல்லாதவன் இவ்வளவு விளக்கமாகப் பதில் சொல்வானா?

அதிலும் பெயின்ட் விஷயம் என்னை ரொம்பவே கொதிக்க வைத்தது. டப்பா மூடியில் வழிந்த பெயின்ட் எந்த நிறம் என்று தெருவில் போகிற ஆட்டுக்குக்கூடத் தெரியும். இவர் மட்டும் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பச்சைதானே மொதலாளி?" என்பார். பச்சையைக் காட்டியும் கேட்பார், வேறு எதைக் காட்டியும் கேட்பார். என்னைச் சோதிக்கிறான், வாய் தவறினால் கலப்படம் என்று பஜாரில் பறைசாற்றப் போகிறான் என்று நினைத்தேன்.

சித்திரை வெயில். கடையில் கூட்டம். பாய் ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டினார். நல்ல தபால்பெட்டிச் சிவப்பு.

"இது பச்சைதானே மொதலாளி?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "சாட்சாத் பச்சை. தெருவுல தெறந்து வெக்காத பாய், மாடு மேய்ஞ்சிட்டுப் போயிடும்."

கூட்டம் சிரித்தது. பாய் சிரிக்கவில்லை. சலாம் வைத்து, டப்பாவைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் இன்ஜின் கோவைப்பழமாக ஜொலித்தது. வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பாய், "பாத்தியா, பச்சை ராணி. எப்படி குளுகுளுன்னு கீது!" என்றார். ஒருத்தராவது "இது சிவப்பு" என்று சொல்ல வேண்டுமே! சொல்லவில்லை. ரயில்வே பாஷையில் அதற்குப் பச்சை என்று பேர் இருக்குமோ, கேட்டால் நம் மானம் போகுமோ என்று ஆளுக்கு ஆள் தலையாட்டினார்கள். நான் வேறு கணக்குப் போட்டேன். சிவப்பைப் பச்சை என்கிறான் என்றால் ரகசிய பாஷை. பஜாரில் இவனுக்குக் கூட்டாளிகள் இருக்கிறார்கள்.

இதற்கிடையில் தரைச் சண்டை. இன்ஜின் ஓடத் தரை துளியும் சாயாமல் இருக்க வேண்டும். பஜாரில் அப்படி ஒரு தரை இருந்தது என்றால் அது என் கடைத் தரைதான். புது சிமென்ட். மேஸ்திரி ரசமட்டம் வைத்து ஒன்பது நாள் இழைத்தது. கோலிக்குண்டை எங்கே வைத்தாலும் அங்கேயே தூங்கும். அந்தத் தரையைப் பற்றி நானே பாயிடம் பத்துத் தடவை பெருமை பேசியிருக்கிறேன். நம்பிக் கேட்டுவிட்டார்.

"மொதலாளி, கடை லீவு அன்னிக்கி ஒரு மணி நேரம் விட்டீங்கன்னா..."

"கடை லீவுன்னா கடைக்குள்ள யாரும் இருக்கக் கூடாதுன்னு அர்த்தம் பாய்."

"நீங்களும் கூடவே இருங்க."

"அப்போ லீவே இல்லையே!"

பாய் கோபித்துக்கொள்ளவில்லை. "பரவால்ல. மாவலிவரத்துல ஒரு கல்லு வேலைக்காரரு கீறாரு. அவரு இழைச்ச பலகைக் கல்லுகிட்ட ரசமட்டமே தோத்துடும். அங்க போயிக்கிறேன்" என்றார். மீன் கூடை யாத்திரை அப்படித்தான் தொடங்கியது.

போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் ஒரு நாள் வந்து மூன்றே கால் அடி மெல்லிய செப்புக் குழாய் வாங்கினார். நான்தான் அளந்து வெட்டினேன். கூடவே, "பாலிஷ் ஸ்பிரிட்டு ஒரு பாட்டில் குடுங்க. கரி நெருப்பு பத்தல, ஸ்பிரிட்டு வெளக்கு வெச்சிப் பாக்கணும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செம்புப் பானை இருக்கிறது. செப்புக் குழாய் வந்துவிட்டது. இப்போது ஸ்பிரிட்டு. மதுவிலக்குக் காலத்தில் இந்த மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் அங்கே என்ன நடக்கும் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கடலோரச் சவுக்குத் தோப்பில் திருட்டுச் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. கூடை போவதும் கடலோரத்துக்கு. பாட்டிலைக் கொடுத்துவிட்டு என் லைசென்ஸைத் திரும்பிப் பார்த்தேன். சட்டத்துக்குள் அது நடுங்குகிறாற்போல இருந்தது.

அடுத்த முறை அவர் கிளம்பியபோது அதே பஸ்ஸில் நானும் ஏறினேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைசி சீட்டில் குனிந்து உட்கார்ந்தேன். பாய் முன் சீட்டில், மடியில் கூடை. கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான்.

"இன்னா பாய், எல்லாரும் கடல்லேர்ந்து மீனு கொண்டாருவாங்க. நீ திருப்பிக் குடுக்கப் போறியா?"

பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கடலோர ஊருக்கு மீன் கூடை எடுத்துப் போகிறவன் யோக்கியனாக இருக்க முடியுமா?

திருக்கழுக்குன்றம் தாண்டி, மாமல்லபுரத்தில் இறங்கி, நூறடி பின்னாலேயே நடந்தேன். சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு கல் பட்டறை. நான் தோப்பு மணலில் குப்புறப் படுத்துக்கொண்டேன். எறும்பு கடித்தது, பொறுத்துக்கொண்டேன். மீன் விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என் தலைமாட்டில் வந்து நின்றாள்.

"இன்னா அண்ணாத்த, இப்படிப் படுத்துகினு கீற? வவுத்து வலியா?"

"ஒண்ணும் இல்லம்மா, போ."

"ஓமத்தண்ணி கீது, குடிக்கிறியா?"

"போம்மா, வேலையா கீறேன்!"

"குப்புறப் படுக்கிறது ஒரு வேலையா!" என்று முனகிக்கொண்டே போனாள்.

நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். பலகைக் கல்லின் மேல் இன்ஜின். அடியில் நீலச் சுவாலை. செம்பு வயிற்றிலிருந்து என் மூன்றே கால் அடிக் குழாய் சுருள் சுருளாக இறங்கி வர, அதன் நுனியிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளரில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. பாய் அதில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடி யோசித்தார். தம்ளரைக் கல் வேலைக்காரரிடம் நீட்டினார். அவரும் ஒரு மடக்குக் குடித்தார்.

"சோக்கா கீது பாய்!" என்றார் கல் வேலைக்காரர். "போன தபாவுக்கு இது தேவல."

எனக்கு வேறு சாட்சி வேண்டுமா?

மறுநாள் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். எனக்கு அளவு விஷயத்தில் எப்போதும் சுத்தம் வேண்டும். "செம்புப் பானை ஒன்று, மூன்றே கால் அடி செப்புக் குழாய் ஒன்று" என்று புள்ளி பிசகாமல் சொன்னேன்.

"கீழ இன்னா பேரு போட?" என்றார் அவர்.

"பொதுஜனம்னு போடுங்க."

"எல்லா மொட்டைக் கடுதாசியும் இவருதான் போடறாரு. ஓய்வே இல்ல இவருக்கு" என்று சொல்லி மடித்துக் கொடுத்தார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

"அந்த மனுசனை நேரா கூப்ட்டு கேட்டா இன்னாவாம்?"

"கேட்டா பொய் சொல்லுவான்."

"அவரு இதுவரிக்கும் சொன்ன பொய் ஒண்ணு சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. "அவ்ளோ சாமர்த்தியசாலி" என்றேன். அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

பக்ரீத்துக்கு நான்கு நாள் இருந்தது. இன்ஜின் அதுவரை முக்கால் சுற்றுக்கு மேல் போனதில்லை. காலையில் பஜார் திறந்ததும் மதுவிலக்கு சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து இறங்கினார். கூட ஒரு ஏட்டு, ஏட்டின் கையில் கடப்பாரை. சாராயப் பானையைக் கண்ட இடத்தில் குத்தி உடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பது அவர்கள் வழக்கம். நான் என் கடை வாசலில் நின்று, எதேச்சையாகப் பார்க்கிறவன் போல ஆணி எண்ணிக்கொண்டிருந்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் மனுவை எல்லார் காதிலும் விழப் படித்தார். "மூன்றே கால் அடி செப்புக் குழாய்" என்ற இடம் வந்ததும் பாய் மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"சரியாதான் எழுதிக்கீறாங்க சார்" என்றார். "நானே மூணு அடின்னுதான் நெனச்சிகினு இருந்தேன்."

எனக்கு ஆணி எண்ணிக்கை தவறிவிட்டது.

"இது என்ன?" என்று இன்ஜினைக் காட்டிக் கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"இன்ஜின் சார். பச்சை ராணி."

"எது பச்சை? ரத்தச் சிவப்பா இருக்கு! போலீஸ்காரன்கிட்டயே நையாண்டியா?"

பாய் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது. இன்ஜினைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். ஏட்டைப் பார்த்தார்.

"செவப்பா ஏட்டய்யா? நெஜமா?"

"தக்காளி மாரி கீது பாய்" என்றார் ஏட்டு.

பாய் மறுபடி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அது இல்லை. அவர் சப்-இன்ஸ்பெக்டரிடம் திரும்பிச் சின்னக் குரலில் சொன்னார்:

"எனக்கு செவப்பும் பச்சையும் ஒண்ணாதான் தெரியும் சார். பதினெட்டு வயசுல ரயில்வேக்குப் போனேன், ஃபயர்மேன் வேலைக்கு. கரி அள்ளிப் போடச் சொன்னாங்க, போட்டேன். மூட்டை தூக்கச் சொன்னாங்க, தூக்கினேன். கடைசியா டாக்டரு ஒரு பொட்டி நெறைய கம்பளி நூலு குடுத்து, பச்சைய மட்டும் பொறுக்கி எடுன்னாரு. எடுத்தேன். பாத்துட்டு, வூட்டுக்குப் போப்பான்னாரு. எல்லாம் செவப்பாம். சிக்னலு தெரியாதவன் இன்ஜின்ல ஏறக் கூடாதுல்ல, அது நாயம்தானே சார்? அதான் நானே ஒண்ணு பண்ணிக்கினேன்."

சப்-இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஆனால் அவர் உத்தியோகம் அவருக்கு.

"பானை இருக்கு, குழாய் இருக்கு, ஸ்பிரிட்டு வாசனை இருக்கு. நான் கதை கேட்க வரல. ஏட்டு, உடைங்க."

"ஒரே ஒரு சுத்து ஓட்டிக் காட்றேன் சார்" என்றார் பாய். "ஓடலன்னா கடப்பாரைய எங்கையில குடுங்க. தட்டித் தட்டிப் பண்ணினவன் நான், நானே உடைச்சிடறேன்."

சப்-இன்ஸ்பெக்டர் யோசித்தார். "சரி, ஓட்டு."

பாய் தன் கடைத் தரையைப் பார்த்தார். குண்டும் குழியும். தெருவைப் பார்த்தார். மாட்டுவண்டித் தடம். மாமல்லபுரம் இருபது மைலுக்கு அந்தப் பக்கம். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. கேட்காமல் நின்றார் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"என் கடைத் தரை சமமா கீது சார்" என்று ஒரு குரல் வந்தது. யாரென்று பார்த்தால் நான்.

ஆணி மூட்டைகளை நானே இழுத்து ஓரம் கட்டினேன். நிலைப்படியில் நின்று, "யாரா இருந்தாலும் செருப்பைக் கழட்டிட்டு வாங்க, தரை புதுசு" என்றேன். பழக்கதோஷம். சப்-இன்ஸ்பெக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு பூட்ஸைக் கழற்றினார். ஏட்டின் சாக்ஸில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

பாய் தண்டவாளத் துண்டுகளை வட்டமாகப் பூட்டினார். மூட்டை கட்டுகிற இரும்புப் பட்டியில் செய்தவை. தண்ணீர் ஊற்றி ஸ்பிரிட்டு விளக்கை ஏற்றினார். தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் முப்பது பேர் மூச்சு விடாமல் நின்றோம். அவர் விசையைத் திருகினார். இன்ஜின் ஒரு தடவை விக்கியது. பிறகு, சுக்... சுக்... சுக்கு சுக்கு...

கால் சுற்று. அரைச் சுற்று. வாசலுக்கு நேரே வந்தபோது தெருக்காற்று உள்ளே புகுந்தது. நீலச் சுவாலை படுத்துக்கொண்டது. சுக்கு சுக்கு என்றது சுக்... சுக்... என்று இழுத்தது. இன்ஜின்மேல் கை வைக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். காற்றின்மேல் வைக்கலாம் அல்லவா? தோளில் இருந்த துண்டை உதறி, வாசல் குறுக்கே விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் துண்டு பத்தவில்லை. ஏட்டு கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து தன் உடம்பையே அடைப்பாக நிறுத்தினார். அது கதவைவிட அகலமான உடம்பு. மிச்சம் இருந்த சந்தில் சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வைத்து அடைத்தார்.

சுவாலை எழுந்தது. முக்கால் சுற்று தாண்டியது. இதுவரை தாண்டாத இடம். நான் பாயைப் பார்த்தேன். அவர் இன்ஜினைப் பார்க்கவே இல்லை. தரையில் சம்மணம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். இன்ஜின் புறப்பட்ட இடத்தைத் தொட்டது. நிற்கவில்லை. "கூ" என்று கொசு கூப்பிடுகிறாற்போல ஊதிவிட்டு இரண்டாவது சுற்றுக்குக் கிளம்பிவிட்டது.

நாஸ்தா கடைக்காரர் விசில் அடித்தார். ஏட்டு குனிந்து, குழாய் நுனியில் சொட்டியதை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார்.

"இன்னாய்யா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"சுடுதண்ணி சார். லேசா செம்பு வாசனை."

"வேலை முடிஞ்ச ஆவிய வீணாக்காம திரும்பத் தண்ணியா புடிக்கிறதுக்கு அந்தக் குழாய் சார்" என்றார் பாய். "கடலோரக் கெணத்துத் தண்ணில உப்பு. வயித்துக்குள்ள படிஞ்சி கெடுத்துடுது. உப்பு போச்சான்னு நாக்குல வெச்சிப் பாத்துக்கினே இருக்கணும்."

எனக்கு வயிற்றுக்குள் என்னவோ படிந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, மனுவைப் பாயிடம் நீட்டினார். "வெச்சுக்கோ. எவனோ வேலை இல்லாதவன் எழுதியிருக்கான்."

பாய் அதை வாங்கித் தடவிப் பார்த்தார். "நல்ல கெட்டிக் காகிதம் சார். வயித்து மூடிக்கு வாசர் வெட்ட இந்த மாரிதான் தேடிகினு இருந்தேன்" என்றார். சொன்னபடியே வெட்டிப் போட்டார். பொதுஜனத்தின் மனு அதற்கப்புறம் பல வருஷம் ஆவி ஒழுகாமல் காத்தது.

நான்கு நாள் நான் அவர் கடைப் பக்கம் திரும்பவில்லை. பக்ரீத் அன்று வழக்கம்போல எங்கள் வீட்டுக்குத் தூக்குச்சட்டியில் பிரியாணி வந்தது. திறந்து மோந்து பார்த்தேன். மனைவி முறைத்தாள். "பழக்கம்" என்றேன்.

மறுநாள் ஒரு டப்பா பச்சைப் பெயின்ட் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். மன்னிப்பு என்கிற சரக்கை நான் அதுவரை வாங்கியதும் இல்லை, விற்றதும் இல்லை. அதனால், "இது நெஜமாவே பச்சை. வண்டிக்கு அடிச்சிக்க பாய்" என்று மட்டும் சொன்னேன்.

"வேணாம் மொதலாளி. ஓடின வண்டிய கலர் மாத்தக் கூடாது. எனக்கு அது பச்சையாதான் கீது" என்றார். பிறகு, "ஆனா இதுக்கு ஒரு வேலை கீது, இருங்க" என்று உள்ளே போனார்.

கொண்டுவந்தது இன்ஜினுக்குப் பின்னால் மாட்டுகிற, கொடி காட்டும் ரயில் கார்டு நிற்கிற பெட்டி. அதன் வாசலில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பித்தளை கார்டு நின்றான். என்னுடைய மீசை. என்னுடைய தொப்பை. தோளில் துண்டு. நெற்றியில் ஒரு கையை வைத்து, கண்ணை இடுக்கி, முன்னால் போகிற இன்ஜினை வேவு பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு கையில் தகரக் கொடி.

"இன்னா பாய் இது?"

"ரயிலுன்னா பின்னாடி ஒருத்தர் நின்னு சந்தேகமா பாத்துக்கினே வரணும் மொதலாளி. இல்லன்னா வண்டி பத்திரமா போவாது." கொடியைத் தொட்டுக் காட்டினார். "இதுக்குத்தான் பச்சை வேணும்." என் டப்பாவையும், பழைய டப்பாவில் மீந்திருந்த சிவப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூடிகளைத் திறந்தார். "கலந்துபோச்சின்னா எனக்குத் தெரியாது. எது பச்சைன்னு நீங்களே சொல்லுங்க."

பஜாரில் யாரையாவது கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நாஸ்தா கடைக்காரர் எதிரில்தான் இருந்தார். என்னைக் கேட்டார்.

நான் இரண்டு டப்பாவையும் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வெயிலில் வைத்துப் பார்த்தேன். டப்பாவில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். திருப்தி இல்லை. வீட்டுக்கு ஓடி மனைவியிடம் காட்டி, "இது இன்னா கலரு?" என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக என் கண்ணையே நான் சந்தேகப்பட்டேன். திரும்பி வந்து ஒரு டப்பாவை அவர் கையில் வைத்தேன்.

"இதான் பாய்."

அவர் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. இன்னொரு வார்த்தை கேட்கவில்லை. குச்சியைத் தோய்த்துக் கொடியில் பூசிவிட்டார்.

பாய் போய்ப் பல வருஷம் ஆகிறது. அந்தக் கார்டு இப்போது என் மேஜைமேல் நிற்கிறான். கொடியில் நிறம் மங்கும்போதெல்லாம் நானே பூசுகிறேன். பூசுவதற்கு முன்னால் டப்பாவை வாசலுக்கு எடுத்துப் போய், வெயிலில் வைத்து, மூன்று தடவை பார்த்துக்கொள்கிறேன்.